அமெரிக்காவுக்கு லீவு, மும்பைக்கு அடி

2007 கடைசியில ஒரு பேச்சு பலமா ஓடிச்சு: அமெரிக்கா விழுந்தாலும் இந்தியாவும் சீனாவும் தனி ரூட்டில் போய்க்கிட்டே இருக்குமாம். 'டீகப்ளிங்'னு பேரு வேற. 2008 ஜனவரி 10 அன்று சென்செக்ஸ் 21,206 வரைக்கும் போனப்போ நம்பாதவங்களும் நம்பினாங்க.

பதினோரே நாள். ஜனவரி 21 அன்று ஒரே நாளில் 1,408 புள்ளிகள் காலி. வேடிக்கை என்னன்னா, அன்னிக்கு மார்ட்டின் லூதர் கிங் தினம், அமெரிக்கச் சந்தைக்கே விடுமுறை! மறுநாள் காலை மும்பையில் வர்த்தகத்தையே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியதாச்சு.

1992-ல் வெளிநாட்டு நிதி நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தோம். அந்தப் பணம் நம்ம கம்பெனி நல்லாயிருக்குன்னு மட்டும் வரல. அங்கே கையில் காசு தாராளமா இருந்ததாலயும் வந்தது. அங்கே முடை வந்ததும் எது உடனே விக்குமோ அதை வித்தாங்க. 2008-ல் நிகரமா 50,000 கோடி ரூபாய்க்கு மேல் வெளியே போச்சு. வருஷ ஆரம்பத்தில் 39 ரூபாயாக இருந்த டாலர், கடைசியில் 50-ஐத் தொட்டது.

வேப்பனப்பள்ளிப் பக்கம் ஷேர் வச்சிருக்கிறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அப்போ நமக்கென்னன்னு கேக்கலாம். இங்கதான் எனக்குப் பிடிச்ச சங்கிலி வருது. செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் மஞ்சக் கடுதாசி கொடுத்தது. வெளிநாட்டுக் கடன் அடைபட்ட கம்பெனிகள் மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்த பணத்தை உருவின. அந்த ஃபண்டுகள்தான் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்துக்கிட்டிருந்தவை. ஃபைனான்ஸ் இல்லேன்னா லாரி ஏது? லாரி வாங்க ஆளில்லாம அசோக் லேலண்ட் வேலை நாட்களைக் குறைச்சது. ஓசூர்ல லேலண்ட் குறைஞ்சா, அதுக்கு பாகம் கடைஞ்சு கொடுக்கிற சின்ன லேத் பட்டறைக்கும் ஓவர்டைம் போச்சு. பங்குச் சந்தைன்னா என்னன்னே தெரியாதவருக்குத்தான் முதல்ல சம்பளம் அடிபட்டது.

திரும்பி வந்த வழியும் இதேதான். ரிசர்வ் வங்கி ரொக்க இருப்பு விகிதத்தை 9 சதவீதத்திலிருந்து 5-க்கு இறக்கியது. கலால் வரி குறைஞ்சது, புது லாரிக்குத் தேய்மானச் சலுகை கிடைச்சது. அமெரிக்காவும் வட்டியைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனது. 2009-ல் அந்தக் காசு மறுபடி மும்பைக்கே வந்தது.

2013 மே மாதம் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னான்கி, பத்திரம் வாங்குறதைக் குறைக்கலாம்னு சும்மா ஒரு வார்த்தை சொன்னார். ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டிடுச்சு. டீகப்ளிங் பேசினவங்க அப்போ எங்கே இருந்தாங்களோ!