கயிற்றை இழுக்க ஆள் இல்லாத குரல்

'சிங்கிங் இன் தி ரெயின்' படத்தோட கிளைமாக்ஸை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காதுங்க. 1952ல் வந்த ஹாலிவுட் படம். ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் இயக்கியது.

கதை நடப்பது 1927ல். 'தி ஜாஸ் சிங்கர்' வெளியாகி, ஊமைப்படங்களுக்கு முடிவு ஆரம்பமான வருஷம்.

லினா பெரிய நட்சத்திரம். ஆனால் கீச்சுக் குரல். பேசும் படத்துக்கு ஆகாது. எனவே வாய்ப்பு தேடி வந்த கேத்தி என்ற பெண்ணை வைத்து லினாவுக்குப் பேசவும் பாடவும் செய்கிறார்கள்.

படம் வெளியாகும் அன்று ரசிகர்கள் லினாவை மேடையில் பாடச் சொல்லிக் கேட்கிறார்கள். லினா வாயசைக்கிறாள். திரைக்குப் பின்னால் மைக் முன் நின்று கேத்தி பாடுகிறாள்.

கதாநாயகன், அவன் நண்பன், ஸ்டூடியோ முதலாளி மூணு பேரும் சேர்ந்து கயிற்றை இழுக்க, திரை மேலே போகுது. அரங்கமே சிரிக்குது. கூனிக்குறுகி ஓடும் கேத்தியை நிறுத்தி, இவள்தான் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி என்று கதாநாயகன் ஊரறியச் சொல்கிறான். நீதி ஜெயிச்சிடுச்சு. சுபம்!

சரி, நிஜத்தில் என்ன நடந்தது?

லினாவுக்காக கேத்தி வசனம் பேசும் காட்சியில் நாம் கேட்பது கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸின் குரலே அல்ல. லினாவாக நடித்த ஜீன் ஹேகனின் இயல்பான குரல்! கீச்சுக் குரல்தான் நடிப்பு.

லினாவுக்காக கேத்தி பாடும் 'வுட் யூ' பாட்டு? திரை விலகிய பிறகு காதலனோடு பாடும் கடைசிப் பாட்டு? இரண்டிலும் டெபிக்குப் பாடியவர் பெட்டி நாய்ஸ். டைட்டிலில் அவர் பெயர் இல்லை.

இரவல் குரலின் அநியாயத்தைச் சொன்ன படமே ஒரு குரலை இரவல் வாங்கிப் பெயரை மறைச்சிருக்கு.

டெபியைக் குறை சொல்ல மாட்டேன். அப்போ அவருக்கு 19 வயசு. கால்ல ரத்தம் வர ஆடியவர். அன்றைய ஸ்டூடியோ வழக்கம் அது. 1964ல் 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்குப் பாடிய மார்னி நிக்சன் பெயரும் டைட்டிலில் வரலை.

எங்க தொழிலிலும் இது உண்டுங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் உறவினர்கள் சர்ஜனைக் கையெடுத்துக் கும்பிடுவாங்க. உள்ளே மயக்கம் கொடுத்து, ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கிட்ட டாக்டர் பெயர் பல பேருக்குத் தெரியாது. அப்போதெல்லாம் அந்தக் கயிறு நம்ம கையிலும் இருக்குன்னு தோணும்.

இழுத்துவிடுவோம் நண்பர்களே.