நெகேவ் என்ஜி-7: இந்திய ராணுவம் வாங்கிய இந்த 'லைட்' மெஷின் கன்னில் அப்படி என்ன இருக்கு?

இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் 2020 மார்ச்சில் ஓர் ஒப்பந்தம் போட்டது. இஸ்ரேலின் ஐடபிள்யூஐ நிறுவனத்திடமிருந்து 16,479 நெகேவ் என்ஜி-7 இலகுரக இயந்திரத் துப்பாக்கிகள், மதிப்பு சுமார் 880 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 5.3 லட்சத்துக்கு மேல் வருகிறது. நல்ல கார் ஒன்றின் விலை. ஒரு துப்பாக்கிக்கு இவ்வளவா என்று உங்களுக்குத் தோன்றினால், அதற்கு முன் நம் வீரர்கள் கையில் என்ன இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

சுமார் பத்து பேர் கொண்ட காலாட்படைக் குழு ஒன்று முன்னேறும்போது, எதிரியைத் தலைதூக்க விடாமல் தொடர்ந்து சுட ஒரு ஆயுதம் தேவை. அதுதான் எல்எம்ஜி. பல பத்தாண்டுகளுக்கு அந்த வேலையைப் பிரிட்டிஷ் காலத்து பிரென் துப்பாக்கி செய்தது. பிறகு இன்சாஸ் எல்எம்ஜி வந்தது. அதன் அண்ணனான இன்சாஸ் ரைஃபிள் நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் தயாரானது.

இன்சாஸ் எல்எம்ஜியின் சிக்கல் மேகசின். அதில் 30 தோட்டாக்கள்தான். நிமிடத்துக்கு 650 என்ற வேகத்தில் நிறுத்தாமல் சுட்டால் மூன்று விநாடிக்குள் காலி. அடுத்ததை மாட்டும் அந்த இடைவெளியில் எதிரி எழுந்துவிடுவான். நெகேவில் தோட்டாக்கள் உலோகக் கண்ணிகளால் கோத்த பெல்ட்டாக, பூச்சரம் மாதிரி, பக்கவாட்டிலிருந்து உள்ளே போகின்றன. பெல்ட் நீளம் இருக்கும் வரை சுடலாம். அந்த பெல்ட்டைத் துப்பாக்கிக்கு அடியில் டிரம்மில் வைத்து எடுத்துக்கொண்டு ஓடவும் முடியும்.

சூடு என்னும் எதிரி

தொடர்ந்து சுட்டால் குழல் கொதிக்கும். அந்தச் சூட்டில், விசையை அழுத்தாமலேயே உள்ளே இருக்கும் தோட்டா தானாக வெடிக்கக்கூடும். இதைத் தவிர்க்கத்தான் இந்த வகைத் துப்பாக்கிகள் 'திறந்த போல்ட்' முறையில் இயங்குகின்றன. சுடாத நேரத்தில் போல்ட் பின்னால் நிற்கும். குழலுக்குள் தோட்டா இருக்காது, காற்று போய் வரும். விசையை அழுத்தினால்தான் போல்ட் முன்னால் பாய்ந்து, பெல்ட்டிலிருந்து ஒன்றை உருவி உள்ளே தள்ளிச் சுடும். வெடித்த வாயுவின் ஒரு பகுதி பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள, அடுத்த சுற்று தொடங்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு. கனமான போல்ட் பாய்வதால் துப்பாக்கி லேசாகக் குலுங்கும், முதல் குண்டின் துல்லியம் குறையும். அதுபோக, சூடேறிய குழலைக் களத்திலேயே கழற்றி வேறொன்றை மாட்டலாம்.

நெகேவில் எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது வேறு ஒன்று. பெல்ட் போட்டுச் சுடும் பெரும்பாலான துப்பாக்கிகள் சரமாரியாக மட்டுமே சுடும். இதில் ஒவ்வொன்றாகச் சுடும் வசதியும் உண்டு. தெருச் சண்டையில், பொதுமக்கள் நடுவே, அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

என்ஜி-5, என்ஜி-7: எது எது?

இஸ்ரேலின் தெற்கே உள்ள நெகேவ் பாலைவனத்தின் பெயரில், 1990களில் முதலில் வந்தது 5.56 மி.மீ. வகை. இப்போது அது என்ஜி-5. பெல்ட் இல்லாத அவசரத்துக்கு ரைஃபிள் மேகசினையும் மாட்டிச் சுடலாம். 2012இல் வந்த என்ஜி-7இன் தோட்டா 7.62 மி.மீ., அதில் பெல்ட் மட்டும்தான். இரண்டிலும் குழல் குட்டையான, சிறப்புப் படைகளுக்கான வகைகள் உண்டு. என்ஜி-7இல் வழக்கமான குழல் சுமார் 51 செ.மீ., குட்டை வகையில் 42. வாகனத்துக்குள்ளும் குறுகிய அறைகளிலும் அந்த 9 செ.மீ. பெரிய விஷயம்.

இந்தியா பெரியதைத் தேர்ந்தெடுத்ததன் பலன், 7.62 தோட்டா தூரத்திலும் வேகத்தை நன்றாகத் தக்கவைக்கும், மறைவுகளை நன்றாகத் துளைக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்க: 7.62 என்றாலே எல்லாம் ஒன்று இல்லை. இது 51 மி.மீ. நீளக் கூடு கொண்ட நேட்டோ தோட்டா. அமெரிக்காவிடம் வாங்கிய சிக் 716 ரைஃபிளும் இதே அளவுதான். ஏகே-203இல் போடுவது 39 மி.மீ. கூடு. ஒன்றை மற்றதில் போட முடியாது. ஒரே படைக்கு இரண்டு விதமான சப்ளை என்பது லாஜிஸ்டிக்ஸ் தெரிந்தவர்களுக்குத் தலைவலி.

சரி, 'லைட்' என்பது எவ்வளவு லைட்? என்ஜி-7 சுமார் 8 கிலோ. அதே தோட்டாவைச் சுடும், நம் ராணுவத்தில் நெடுநாளாக இருக்கும் மேக் துப்பாக்கி 11 கிலோவுக்கு மேல். அதோடு ஒப்பிட்டால் லாபம்தான். இன்சாஸ் எல்எம்ஜியோடு ஒப்பிட்டால் கூடுதல் சுமை. துப்பாக்கியோடு கணக்கு முடிவதும் இல்லை. 5.56 தோட்டா ஒன்று சுமார் 12 கிராம், 7.62 அதைப் போல இரண்டு மடங்கு. பெல்ட்டில் கோத்த 100 தோட்டாக்கள் 3 கிலோவை நெருங்கும். 400 எடுத்துக்கொண்டால் துப்பாக்கியையும் சேர்த்து ஏறத்தாழ 20 கிலோ. உணவு, தண்ணீர், குண்டு துளைக்காத உடை எல்லாம் தனி. லடாக் உயரத்தில் மூச்சு வாங்கியபடி ஏறும் ஜவான் இதை ஒருவரே சுமக்க முடியாது என்பதால், பெல்ட்டுகளைக் குழுவில் மற்றவர்களும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.