நீரை இறக்கிய பாதரசம்

நலமாக இருக்கும் ஒருவரின் சிறுநீரகங்கள் இரத்தத்திலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. வெளியேறுவது என்னவோ ஒன்றரை லிட்டர்தான். மற்றதெல்லாம் இரத்தத்துக்கே திரும்பிவிடும். அந்த ஒன்றரை லிட்டரில் 95 விழுக்காடு தண்ணீர். எஞ்சியதில் பெரும்பங்கு யூரியாவும் உப்பும். இதயம் தளர்ந்தால் உப்பு உடலிலேயே தங்கும். கூடவே நீரும் தங்கிக் கால் வீங்கும், மூச்சு முட்டும்.

கோத்த நீரை இறக்க ஐரோப்பிய மருத்துவர்களிடம் நெடுங்காலம் உருப்படியான மருந்து இல்லை. வயிற்றைத் துளைத்து வடித்தார்கள். பர்மிங்காம் மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-ல் டிஜிடாலிஸ் செடியைப் பற்றி நூல் எழுதினார். ஷ்ராப்ஷயர் மூதாட்டி ஒருவர் ரகசியமாக வைத்திருந்த பச்சிலைக் கலவைதான் அவருக்குத் துப்புக் கொடுத்தது. ஆனால் அது இதயத்துக்கான மருந்து; நீர் இறங்கியது அதன் விளைவு.

1919-ல் வியன்னாவில் ஆல்பிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர், பிறவியிலேயே சிபிலிஸ் நோய் தொற்றியிருந்த ஒரு சிறுமிக்கு நோவசூரால் என்னும் பாதரச ஊசியைப் போட்டார். நோக்கம் சிபிலிஸைக் கட்டுப்படுத்துவது. செவிலியர்களோ அவள் கழித்த சிறுநீரை நாள்தோறும் அளந்து குறித்து வந்தார்கள். ஊசி போட்ட நாட்களில் அளவு பன்மடங்கு ஏறியிருந்தது. அந்தக் குறிப்பு இல்லையென்றால் விஷயம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல், நச்சு என்று தெரிந்தே, பாதரச ஊசியை நம்பி வைத்தியம் நடந்தது.

மாற்றும் தற்செயலாகவே வந்தது. கிருமித் தொற்றுக்கான சல்ஃபனிலமைடு மருந்தை உட்கொண்டவர்களின் இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறியதை 1930-களின் இறுதியில் கவனித்தார்கள். 1949-ல் பாஸ்டனில் வில்லியம் ஷ்வார்ட்ஸ் அந்த மருந்தையே இதய நோயாளிகளுக்குக் கொடுத்தார். சிறுநீரில் சோடியம் கூடியது. ஆனால் நீண்ட நாள் கொடுக்க முடியாத அளவுக்கு அம்மருந்து நஞ்சாக இருந்தது. மெர்க் நிறுவனத்தில் கார்ல் பேயர் குழுவினர் அந்த வேதிக் குடும்பத்திலேயே தேடிக் குளோரோதயசைடை உருவாக்கினார்கள். 1958-ல் அது மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. 1960-களில் லாசிக்ஸ் என்ற பெயரில் ஃப்ரூசமைடு தொடர்ந்தது.

இவை நீரை நேரடியாக வெளியேற்றுவதில்லை. உப்பு இரத்தத்துக்குத் திரும்புவதைத் தடுக்கின்றன. நீர் உப்பின் பின்னால் போகிறது. பொட்டாசியமும் சேர்ந்தே கழிகிறது. யூரிக் அமிலமோ உடலில் தேங்குவதால் சிலருக்கு மூட்டில் கௌட் வலி வருகிறது. கால்சியத்தில் மட்டும் இரண்டும் எதிரெதிர்: ஃப்ரூசமைடு அதைக் கூடுதலாக வெளியேற்றும், தயசைடு தேக்கிவைக்கும். சிறுநீரில் கால்சியம் மிகுந்து கல் உண்டாகிறவர்களுக்குத் தயசைடு கொடுப்பது இதனால்தான்.