கூப்பன் அரிசி முதல் கடன் தரமிடல் வரை: உலகச் சுட்டெண்களில் இலங்கை

2022 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் வெளியிட்ட மனித அபிவிருத்தி அறிக்கையில் இலங்கைக்கு 191 நாடுகளுள் 73ஆம் இடம் கிடைத்தது. ‘உயர் மனித அபிவிருத்தி’ எய்திய நாடுகளின் வரிசை அது. ஐந்து மாதங்களுக்கு முன்னர்தான் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று நாடு அறிவித்திருந்தது. எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஜூலையில் ஜனாதிபதியே நாட்டை விட்டு வெளியேறினார். அறிக்கை 2021ஆம் ஆண்டின் தரவைக் கொண்டது என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நெருக்கடி ஆண்டான 2022இன் தரவு சேர்ந்த பிறகும் மனித அபிவிருத்திச் சுட்டெண் 0.782இலிருந்து 0.780க்குத்தான் இறங்கியது. அதே நெருக்கடியை வேறு விதமாக அளந்து, அதே நிறுவனத்தின் கொழும்பு அலுவலகம் 2023இல் வெளியிட்ட ஆய்வோ, நாட்டு மக்களில் 55.7 வீதத்தினர் பல பரிமாணங்களில் நலிவுற்ற நிலையில் இருப்பதாகச் சொன்னது.

ஒரே நாட்டைப் பற்றிய இந்த இரண்டு கூற்றுகளும் எப்படி ஒருசேர உண்மையாக முடியும்? இதற்கு விடை காண, அளவுகோல்கள் பிறந்த காலத்துக்கும் அதற்கு முன்னரும் போக வேண்டும். இலங்கையின் உயர்ந்த இடம் பெரும்பாலும் ஒரு பழைய முதலீட்டின் பலன் என்பதும், அந்த இடத்தைத் தந்த சராசரிகள் நாட்டின் இரு பெரும் பகுதி மக்களைக் கணக்கில் மங்கலாக்கின என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலீடு தொடங்கிய காலத்தில் சுட்டெண் எதுவும் இல்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. நோய் வந்த பின் மருந்து கொடுப்பதோடு நில்லாமல், வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிக்கும் மருத்துவமாது முறை அங்கிருந்தே பரவியது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது. வாக்குக் கேட்டு வருபவர் ஊருக்குப் பாடசாலையும் மருந்தகமும் தருவதாகச் சொல்லாமல் தப்ப முடியாத நிலை உருவாயிற்று. 1934–35இன் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டபோது, நிவாரணம் அரசின் கடமை என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1942இல் போர்க்கால உணவுப் பங்கீடு வந்தது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1946இல் டி.டி.டி. தெளிப்பு விரிவாக்கப்பட்டது, ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14 அளவுக்கு விழுந்தது. அந்த வீழ்ச்சியில் மலேரியா ஒழிப்பின் பங்கு எவ்வளவு, மருத்துவமனைகளின் பங்கு எவ்வளவு, மலிவு அரிசியின் பங்கு எவ்வளவு என்று பீற்றர் நியூமன், ஆர். எச். கிரே, எஸ். ஏ. மீகம போன்றோர் பல ஆண்டுகள் வாதாடினார்கள். வாதம் இன்னும் முற்றாக ஓயவில்லை.

இவற்றுள் அரசியலை ஆட்டிப் படைத்தது, அந்தப் பங்கீட்டின் வழி மலிவு விலையில் கிடைத்த கூப்பன் அரிசி. உலக வங்கியின் தூதுக்குழு 1952இல் வெளியிட்ட அறிக்கை உணவு மானியத்தைக் குறைக்கச் சொன்னது. மறு ஆண்டு டட்லி சேனாநாயக்க அரசாங்கம் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. 1953 ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். அதன் பிறகு பத்தாண்டுக்கு மேல் அரிசியில் கை வைக்க எந்த அரசாங்கமும் துணியவில்லை என்றே சொல்லலாம். பொருளியலாளர்கள் அக்காலத்தில் இதை வீண்செலவு என்று ஏசினார்கள். பின்னாளில் உலகம் இலங்கையைப் புகழ்ந்தது இந்த ‘வீண்செலவு’க்காகத்தான்.

புகழ் வந்தது 1970களில். தலா வருமானத்தை மட்டும் வைத்து நாடுகளை எடைபோடுவதில் சலிப்பு ஏற்பட்டிருந்த காலம் அது. பொருளியல் வரலாற்றாளர் மொரிஸ் டேவிட் மொரிஸ், வொஷிங்டனிலிருந்த கடல்கடந்த அபிவிருத்திக் குழுவுக்காக ஓர் அளவுகோலை வடிவமைத்தார்: சிசு மரணம், ஒரு வயதில் ஆயுள் எதிர்பார்ப்பு, எழுத்தறிவு. இம்மூன்றின் சராசரியே 1979இல் அவர் நூலாக விளக்கிய பௌதிக வாழ்க்கைத் தரச் சுட்டெண். நூறு புள்ளிக்கு இலங்கை 82 அளவில் நின்றது. இந்தியா 43 அளவில். வருமானத்தில் இரு நாடுகளும் ஏழை நாடுகளே. அமர்த்தியா சென் 1981இல் எழுதிய கட்டுரையில் இலங்கையைப் பொது நடவடிக்கையின் எடுத்துக்காட்டாக முன்வைத்தார். வருமானம் குறைவாக இருந்தும் வாழ்க்கைத் தரத்தை உயர்த்த முடியும் என்பதற்கு இலங்கை சான்றாக நிறுத்தப்பட்டது.

இந்தப் புகழுக்கு எதிர்ப்பும் எழுந்தது. சுர்ஜித் பல்லாவும் போல் கிளீவும் 1986இல் உலக வங்கியின் பொருளியல் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, 1960க்குப் பிந்திய இலங்கையின் முன்னேற்றம் அதன் வருமான மட்டத்துக்கு அசாதாரணமானது அல்ல என்று வாதிட்டது. 1960ஐத் தொடக்கமாகக் கொள்வதே கோளாறு, பெரிய பாய்ச்சல் அதற்கு முன்னரே நடந்து முடிந்துவிட்டது என்பது சென்னின் மறுமொழி. வரலாற்றின்படி சென்னின் பக்கமே வலுவானது என்பேன். ஆனால் பல்லாவின் கேள்வியில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது, அதை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாய்ச்சல் பழையது என்றால், 1970களில் கிடைத்த பாராட்டு இறந்தகாலத்துக்கு உரியது. 1966இல் கூப்பன் அரிசி ஒரு கொத்தாகக் குறைந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1979இல் அரிசிப் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. விலைவாசி ஏற ஏற அதன் மதிப்புக் கரைந்தது. மொரிஸின் நூல் அச்சேறிய அதே ஆண்டில், அவர் புகழ்ந்த ஏற்பாடு கலைக்கப்பட்டுவிட்டது.

82 என்ற அந்த எண்ணுக்குள் யார் இருந்தார்கள் என்பது இன்னும் கசப்பான கேள்வி. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர்கள், தேர்தல் போட்டி கொண்டுவந்த நலன்களில் பெரும்பகுதிக்கு வெளியே நின்றார்கள். வாக்கில்லாதவரிடம் பாடசாலை தருவதாக வாக்குறுதி சொல்ல யாரும் வரப்போவதில்லை. 1973–74 உணவு நெருக்கடியில் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தது; 1974இல் தோட்டப்புறச் சிசு மரண வீதம் தேசியச் சராசரியின் இரு மடங்கைத் தாண்டியது. 1970களின் முற்பகுதியைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற சுட்டெண் இந்த மரணங்களையும் கூட்டித்தான் சராசரியைக் கண்டது. தொகை சிறியது என்பதால் சராசரி சரியவில்லை, அவ்வளவுதான். தேயிலை ஏற்றுமதியால் வந்த அந்நியச் செலாவணி அரிசி இறக்குமதிக்கு உதவியதை நினைத்தால், இலங்கை மாதிரியின் செலவில் ஒரு பங்கை யார் சுமந்தார்கள் என்பது விளங்கும்.

1990இல் மஹ்பூப் உல் ஹக் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணை அறிமுகப்படுத்தியபோது இலங்கை மீண்டும் முன்வரிசைக்கு வந்தது. முதல் அறிக்கை கடைசி நாட்டிலிருந்து மேல்நோக்கி எண்ணியது: நைஜர் 1, ஜப்பான் 130. வருமானத்தில் 38ஆம் இடத்திலிருந்த இலங்கை மனித அபிவிருத்தியில் 83ஆம் இடத்தில் இருந்தது; மதிப்பு 0.789. 400 டொலர் தலா வருமானம் கொண்ட இலங்கையில் ஆயுள் 71 ஆண்டு, 6,200 டொலர் கொண்ட சவூதி அரேபியாவில் 64 என்ற ஒப்பீடு அவ்வறிக்கையின் வாதத்துக்கு உயிர்நாடி. சூத்திரமும் இலங்கைக்கு இசைவாக அமைந்தது. குறிப்பிட்ட எல்லைக்கு மேற்பட்ட வருமானத்துக்கு அது புள்ளியே கொடுக்கவில்லை. 2010இல் சூத்திரம் மாறியது: பெருக்கல் சராசரி வந்தது, எழுத்தறிவின் இடத்தில் பள்ளியாண்டுகள் வந்தன. அவ்வாண்டு 169 நாடுகளில் 91ஆம் இடம், மதிப்பு 0.658. சூத்திரம் வேறு, நாடுகளின் தொகையும் வேறு என்பதால், 1990இன் எண்ணையும் 2010இன் எண்ணையும் அருகருகே வைத்து ‘நாடு சரிந்தது’ என்று எழுதுவது பிழை. நமது பத்திரிகைகள் இதை அடிக்கடி செய்கின்றன.

1990க்கும் 2010க்கும் இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதி உள்நாட்டுப் போர்க்காலம். 1981க்குப் பின் நாடு முழுவதையும் தழுவிய குடிசன மதிப்பீடு 2012 வரை நடைபெறவில்லை. 2001இன் கணக்கெடுப்பு வடக்கு, கிழக்கின் பெரும்பகுதியில் முழுமை பெறவில்லை. 1990/91, 1995/96, 2002 ஆண்டுகளின் வீட்டு வருமான, செலவின ஆய்வுகள் வடக்கையும் கிழக்கையும் விலக்கியே நடந்தன. 1993, 2000 ஆண்டுகளின் குடித்தொகை, சுகாதார ஆய்வுகளும் அவ்வாறே. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் மக்கள் இடம்பெயர்ந்து, மருந்துக்கும் உணவுக்கும் தடையிருந்த ஆண்டுகளில் இலங்கையின் சமூக எண்கள் ஏறுமுகமாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் எதையும் மறைக்கவில்லை. அட்டவணைக்கு அடியில் ‘வடக்கு, கிழக்கு நீங்கலாக’ என்று குறித்தது. அக்குறிப்பு ஜெனீவாவுக்கும் நியூயோர்க்குக்கும் போய்ச் சேர்வதற்குள் உதிர்ந்துபோனது.

போரை நேரடியாகப் பதிவு செய்தவை வேறு வகைச் சுட்டெண்கள். எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பின் ஊடக சுதந்திரப் பட்டியலில் 2009இல் இலங்கை 175 நாடுகளில் 162ஆவது. அவ்வாண்டு ஜனவரியில் ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டிருந்தார். மனித அபிவிருத்தியைப் பெருமையோடு மேற்கோள் காட்டிய அரசாங்கம் இப்பட்டியலை மேற்குலகின் சதி என்றது. ஊழல் குறித்த டிரான்ஸ்பேரன்ஸி இன்டர்நஷனலின் சுட்டெண்ணில் 2012இல் 40 புள்ளி, 2024இல் 32; இதற்குச் சதி என்ற விளக்கம்கூட இப்போது எடுபடுவதில்லை.

உலகப் பொருளாதார மன்றத்தின் பாலின இடைவெளிச் சுட்டெண் சற்று நின்று பார்க்கத்தக்கது. 2006இல் 115 நாடுகளில் இலங்கை 13ஆவது; 2024இல் 146 நாடுகளில் 122ஆவது. பதினெட்டே ஆண்டுகளில் இலங்கைப் பெண்களின் நிலை இவ்வளவு தாழ்ந்துவிட்டதா? கடந்த 50 ஆண்டுகளில் எத்தனை ஆண்டுகள் பெண் ஆட்சித் தலைவர் இருந்தார் என்பதும் அச்சுட்டெண்ணின் ஓர் உறுப்பு. 2006இல் பார்த்தபோது சிறிமாவோ பண்டாரநாயக்கவின் 1960–65, 1970–77 ஆட்சிகளும் சந்திரிகா குமாரதுங்கவின் பதினோராண்டும் அந்த வரம்புக்குள் இருந்தன. ஆண்டுகள் நகர, சிறிமாவோவின் முதல் ஆட்சி முழுவதும் வரம்பிலிருந்து வெளியேறியது. இரண்டாவதன் பாதியும் போயிற்று. ஏனைய நாடுகளும் முன்னேறின. பாராளுமன்றத்தில் பெண்கள் நெடுங்காலம் 5 வீதத்தைச் சுற்றியே இருந்தார்கள், 2024 தேர்தலில்தான் 10 வீதத்தை நெருங்கினார்கள். ஆகவே 13ஆம் இடம்தான் போலி. ஒரு குடும்பத்தின் இரு பெண்கள் நாட்டின் எல்லாப் பெண்களுக்கும் புள்ளி தேடித் தந்தார்கள்.

வருமான வகைப்பாட்டின் கதை இன்னும் விசித்திரம். 2019 ஜூலையில் உலக வங்கி இலங்கையை மேல்நடுத்தர வருமான நாடாக உயர்த்தியது: தலா வருமானம் 4,060 டொலர், எல்லை 3,996. மறு ஆண்டு எல்லை 4,046 ஆயிற்று, இலங்கை 4,020. நாடு கீழ்நடுத்தர வகைக்கு இறங்கியது. ஏற்றியது 64 டொலர், இறக்கியது 26. 2022 டிசம்பரிலோ இலங்கை தானே கேட்டுக்கொண்டதன் பேரில், ஏழை நாடுகளுக்கான சலுகைக் கடன் பெறும் தகுதியை உலக வங்கி வழங்கியது. உயர்ந்த நிலைக்கு வருவது ஒரு காலத்தில் அரசியல் மேடைப் பேச்சு. தாழ்ந்த நிலைக்கு வருவது இப்போது நிதியமைச்சின் தேவை.

எல்லாச் சுட்டெண்களிலும் உடனடி விளைவுடையது கடன் தரமிடல். 2005 டிசம்பரில் இலங்கை முதன்முறை ஃபிட்ச், எஸ் அண்ட் பி நிறுவனங்களிடம் தரம் பெற்றது. அந்தத் தரத்தைக் கொண்டு 2007 ஒக்டோபரில் 50 கோடி டொலர் பன்னாட்டு முறி விற்றது. வங்குரோத்தாகும் வேளையில் இவ்வகை முறிகள் ஏறத்தாழ 1,250 கோடி டொலர் அளவில் நிலுவையில் இருந்தன. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கப்பட்டது. 2021இல் அரசின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே போனது. 2020இல் மூடிஸும் ஃபிட்சும் தரத்தைத் தாழ்த்தின. கொழும்பு அவற்றை ஏற்க மறுத்து அறிக்கைகள் வெளியிட்டது. புகழும் பட்டியலை நம்பவும் எச்சரிக்கும் பட்டியலை ஏசவும் பழகிய அரசு, நான்கு தசாப்தத்தில் கற்ற பாடம் அதுதான் போலும்.

இனி முதற்கேள்விக்கான விடையைக் கூறலாம். ஆயுள் எதிர்பார்ப்பும் பள்ளியாண்டுகளும் ஒரு நாடு தலைமுறைகளாகச் சேமித்தவை. ஓராண்டில் வேளைச்சோறு குறைந்தாலும் அவை அசைவதில்லை. தாய் உணவைக் குறைத்ததும், பிள்ளை பாடசாலையை நிறுத்தியதும், தாதியும் வைத்தியரும் நாட்டை விட்டுப் போனதும் பத்தாண்டு கழித்தே மனித அபிவிருத்திச் சுட்டெண்ணில் பதியும். பதியத் தொடங்கிவிட்டதோ என்னவோ, 2025இன் மனித அபிவிருத்தி அறிக்கையில் 193 நாடுகளில் இலங்கைக்கு 89ஆம் இடம்.

2024 இறுதியில் நடைபெற்ற குடிசன மதிப்பீடு போர் முடிந்த பின்னர் முழு நாட்டையும் எண்ணிய இரண்டாவது கணக்கு. அதைக் கொண்டு மாவட்ட வாரியாகவும், நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்தும் ஆயுள், கல்வி, வருமானச் சுட்டெண்களைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் ஆண்டுதோறும் கணித்து மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். 89ஆம் இடத்தைப் பற்றி விவாதிப்பதற்கு முன், நுவரெலியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் கொழும்புக்கும் தனித்தனியே என்ன எண் என்பதை மக்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்கட்டும்.