ஹோலி

வட இந்திய இந்துக்களின் வசந்த விழா. பால்குன மாத முழுநிலவையொட்டி, பெரும்பாலும் மார்ச்சில் வரும். கோதுமை விளையும் பருவம் அது. முதல் நாள் இரவு ஹோலிகா தகனத் தீயில் புதுக் கதிர்களையும் பச்சைக் கொண்டைக்கடலையையும் வாட்டி உண்பார்கள். பிரகலாதனை மடியில் வைத்துத் தீயில் அமர்ந்த இரணியனின் தங்கை ஹோலிகை, தானே எரிந்துபோனாள் என்பது இத்தீக்குச் சொல்லப்படும் கதை. 7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷர் எழுதிய ‘ரத்னாவளி’ நாடகத்திலேயே வண்ணப்பொடியும் நீர்ப்பீச்சலும் உண்டு. அங்கே அது மன்மதனுக்கான விழா. தமிழகச் சிற்றூர்களில் மாசியில் நடக்கும் காமன் பண்டிகை இதற்கு நெருங்கிய உறவு.

விழாவின் உச்சத்தைப் பார்க்க மதுரா வட்டாரத்துக்குத்தான் போகவேண்டும். ராதையின் ஊரான பர்சானாவுக்குக் கண்ணனின் நந்தகாவ் ஆண்கள் வருவார்கள். முக்காடிட்ட பெண்கள் தடியால் விளாச, ஆண்கள் குந்தியபடி தலைக்குமேல் கேடயம் பிடித்துத் தாங்குவார்கள். மறுநாள் ஊர் மாறி அதே ஆட்டம். ஹோலியில் ஒருவர்மேல் ஒருவர் தெளிக்கும் வண்ணத்துக்கு, புரசம்பூவை ஊறவைத்து எடுத்த காவிநிறச் சாறே பழைய சாயம். பின்னால் வந்த ரசாயனப் பொடிகள் தோலையும் கண்ணையும் புண்ணாக்குகின்றன. அண்மைக்கால மாற்றங்களில் மனம் நிறையச் செய்வது ஒன்று: வண்ணம் மறுக்கப்பட்டிருந்த பிருந்தாவனத்து விதவைகள் 2013 முதல் ஹோலி ஆடுகிறார்கள்.