பிளேட்டைத் துடைக்கும் அரை நிமிடம்: பேஸ்பால் நடுவரும் தலைக்காயமும்

பேஸ்பால் களத்தில் எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. மட்டையை உரசித் திசைமாறிய பந்து கேட்சரின் முகக்கவசத்தில் மோதினால், அவருக்குப் பின்னால் நிற்கும் தலைமை நடுவர் முன்னே வந்து குனிந்து, தூசியே படியாத ஹோம் பிளேட்டை நிதானமாகத் துடைப்பார். கேட்சர் தன்னைத் தேற்றிக்கொள்ள அரை நிமிடம் கிடைக்கும். அடி நடுவர்மேல் விழுந்தால், கேட்சர் பிட்சரிடம் ஏதோ பேசப்போகிறவர்போல மேட்டுவரை நடந்துபோய்க் கைம்மாறு செய்வார். விரலிலோ தோளிலோ பட்ட அடிக்கு இது பண்பான வழக்கம். தலையில் பட்ட அடிக்கோ இது காயத்தை மறைத்துக்கொள்ளக் கொடுக்கும் அவகாசமாகிவிடுகிறது. அந்த அரை நிமிடம் அடிபட்டவரைக் கூர்ந்து கவனிப்பதற்கே உரியது என்பதும், ஐயம் எழுந்தால் அவரை வெளியேற்றுவது நடுவரின் கடமை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1920 ஆகஸ்ட் 16 அன்று, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில், யாங்கீஸ் அணியின் கார்ல் மேஸ் எறிந்த பந்து கிளீவ்லாண்ட் அணியின் ரே சாப்மனின் தலையில் மோதியது. எழுந்த ஒலியைக் கேட்டுப் பந்து மட்டையில் பட்டதென்றே மேஸ் எண்ணினார். உருண்டுவந்த பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். நடுவர் டாமி கானலிதான் நிலைமையை உணர்ந்து, பார்வையாளர் பக்கம் திரும்பி மருத்துவரை அழைத்தார். சாப்மன் எழுந்து நின்றார், பிறர் துணையோடு நடக்கவும் செய்தார், பிறகு சரிந்தார். மறுநாள் விடியுமுன் உயிர் பிரிந்தது. ஆட்டம் நிறுத்தப்படவில்லை, கிளீவ்லாண்ட் 4-3 என்று வென்றது.

அடிபட்டவர் எழுந்து நிற்பதையும் நடப்பதையும் நலத்தின் சான்றாகக் கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் இந்த விளையாட்டின் வரலாற்றில் இல்லை. சாப்மனுக்கு மண்டையோடே உடைந்திருந்தது. ஓடு உடையாத மூளையதிர்வில் கண்ணுக்குத் தெரிவது இன்னும் குறைவு. தலை சட்டென்று அசைந்து சுழலும்போது உள்ளே மூளைத்திசு இழுபடுகிறது. நரம்பணுக்களின் இயக்கம் குலைகிறது. சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் புலப்படாது. தலைவலியும் குமட்டலும் குழப்பமும் சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம். முதல் அதிர்விலிருந்து மீளுமுன் இரண்டாம் அடி விழுந்தால், இளம் வயதினருக்கு மூளை வீங்கி உயிரே போகும் அபாயம் உண்டு. அரிதுதான், ஆனால் நேர்ந்திருக்கிறது. கேட்சரோ ஒரே ஆட்டத்தில் பலமுறை முகக்கவசத்தில் அடி வாங்கக்கூடியவர். செயின்ட் லூயிஸ், சான் பிரான்சிஸ்கோ அணிகளுக்கு ஆடிய மைக் மத்தீனி, இத்தகைய அடிகள் சேர்ந்து விளைவித்த மூளையதிர்வால்தான் 2007இல் ஓய்வை அறிவித்தார்.

நடுவருக்கு விதிநூல்கள் தரும் இடம் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்க உயர்நிலைப்பள்ளி ஆட்டங்களுக்கான தேசியக் கூட்டமைப்பின் விதி, 2010 முதல் தெளிவாகப் பேசுகிறது: சுயநினைவு இழத்தல், தலைவலி, தலைச்சுற்றல், குழப்பம், தடுமாற்றம் போன்ற அறிகுறி எதுவும் தென்பட்டால் ஆட்டக்காரர் உடனே வெளியேற வேண்டும்; தகுதியுள்ள மருத்துவத்துறையினர் அனுமதிக்கும்வரை திரும்பக் கூடாது. அதற்கு முன்பு, நினைவிழந்தவர்களையும் நினைவிழந்தவர்போல் தோன்றியவர்களையும் மட்டுமே விதி குறித்தது. அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் தலையில் படுகாயமுற்ற சிறுவன் சாக்கரி லிஸ்டெட்டின் பெயரால் வாஷிங்டன் மாநிலம் 2009இல் இதே நோக்கில் சட்டம் இயற்றியது. சில ஆண்டுகளுக்குள் எல்லா மாநிலங்களும் அவ்வழி வந்தன.

தொழில்முறை விதிநூலில் நிலைமை வேறு. ஆட்டக்காரர் செயலிழந்தால் நடுவர் 'டைம்' அறிவிக்க வேண்டும். ஆனால் பந்து உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும்போது அறிவிக்க, மிகக் குறுகிய விலக்குகள் தவிர, இடமில்லை. பிட்சரின் நெற்றியில் மோதிய பந்து வெளிப்புறம் உருண்டோட, ஓட்டக்காரர்கள் பேஸ்களைச் சுற்றிவரும் அந்த நொடிகள் முழுவதும் பிட்சர் மேட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். பள்ளி விதியோ, மருத்துவ அவசரம் என்றாலோ, ஆட்டம் தொடர்வது அடிபட்டவருக்கு ஆபத்து என்று நடுவர் கருதினாலோ, உடனே நிறுத்தச் சொல்கிறது. எனக்குப் பள்ளி விதியே சரியாகப் படுகிறது. ஆட்டத்தை நிறுத்தியதால் ஓர் ஓட்டம் கைநழுவினால், ஓட்டக்காரர் எந்த பேஸை எட்டியிருப்பார் என்பதை நடுவரே கணித்து வழங்கிவிடலாம். வேறு பல குறுக்கீடுகளில் அவர் அப்படித்தானே செய்கிறார்?

மருத்துவம் படிக்காதவருக்கு இந்த அதிகாரம் எதற்கு என்ற மறுப்பு எழும். நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. நடுவர் ஐயுற்றால் போதும். விளையாட்டு மூளையதிர்வு குறித்த பன்னாட்டு வல்லுநர் கூட்டங்கள் 2001இல் வியன்னாவில் தொடங்கி 2022இல் ஆம்ஸ்டர்டாம் வரை நடந்துள்ளன. அவை மருத்துவரல்லாதோருக்கென்றே ஓர் அறிகுறி அட்டையை வகுத்திருக்கின்றன. கழுத்துவலி, இரட்டைப் பார்வை, கைகால் தளர்ச்சி, வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் பதற்றம் இருந்தால் ஆம்புலன்ஸ். அடிபட்டவரை அசைக்கக் கூடாது, தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது. இந்த அபாய அறிகுறிகள் இல்லாத அடிபட்டவரிடம் கேட்கவும் எளிய கேள்விகள் உண்டு. இன்று என்ன தேதி என்பதைவிட, இது எந்த இன்னிங்ஸ், கடைசியாக ஓட்டம் எடுத்தது யார் என்று கேட்பதே பலன் தரும். ஏனெனில் மூளையதிர்வில் முதலில் தடுமாறுவது அண்மை நினைவு. பிளேட்டைத் துடைக்கும் நேரத்துக்குள் இதைக் கேட்டுவிடலாம். பதில் சரியாக வந்தாலும் மற்ற அறிகுறிகள் இருந்தால் ஐயம் தீர்ந்ததாகாது.

பயிற்றுநருக்கு வெற்றி வேண்டும், சிறுவனுக்குத் தன் இடம் போய்விடக் கூடாது, பெற்றோருக்கு மகன் ஆடுவதைப் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் முடிவில் பங்கு இல்லாதவர் களத்தில் நடுவர் ஒருவரே. தொழில்முறை ஆட்டத்தில் ஒருமுறை வெளியேறியவர் மீண்டும் இறங்க முடியாது. அறிகுறியை மறைக்கும் ஆசை அங்கேயே பிறக்கிறது. கிரிக்கெட் 2019 ஆகஸ்ட் முதல் மூளையதிர்வுக்கு மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்கிறது. பேஸ்பாலுக்குத் தேவை பரிசோதனை முடியும்வரை ஒரு தற்காலிக மாற்று. மேஜர் லீக் 2011இல் மூளையதிர்வுக்கென ஏழு நாள் ஓய்வுப் பட்டியலைக் கொண்டுவந்தது நல்ல செயல். ஆனால் அது ஆட்டம் முடிந்த பிறகே கைகொடுக்கும்.

இனி, அடிபட்டவர் நடுவரே என்றால்? அமெரிக்கன் லீக் நடுவர் கால் டிரமண்டின் முகக்கவசத்தில் 1969 ஜூனில் பால்டிமோரில் பந்து மோதியது. மூளையில் அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. மறு ஆண்டு மே மாதம் பணிக்குத் திரும்பும் முயற்சியில் அயோவா மாநிலத்தில் ஒரு மைனர் லீக் ஆட்டத்தை நடத்தியபோது உடல்நிலை குலைந்து இறந்தார். 2023 ஏப்ரலில் கிளீவ்லாண்டில், களத்தடுப்பாளர் ஒருவர் ஹோம் பிளேட் நோக்கி எறிந்த பந்து லாரி வானோவரின் தலையில் பட்டு, அவர் மருத்துவமனைக்குச் சென்றார். பேஸ் அருகே நிற்கும் நடுவருக்குத் தொப்பி தவிர வேறு காப்பு இல்லை.

மேஜர் லீக்கில் நால்வர் குழுவில் ஒருவர் போனால் மூவர் தொடரலாம், மருத்துவரும் அருகிலிருப்பார். பள்ளி மைதானத்தில் இருவரே, சில நாள் ஒருவரே. அங்கே தலைமை நடுவரை வெளியேற்றும் அதிகாரம் உடைய எவரும் இல்லை. குழம்பிய மூளையே தன் குழப்பத்துக்குத் தீர்ப்பு எழுத வேண்டியிருக்கிறது. ஆட்டம் தொடங்குமுன் அணித்தலைவர்களையும் பயிற்றுநர்களையும் கூட்டிப் பேசும்போதே, முகக்கவசத்தில் பலத்த அடி வாங்கினால் மற்ற நடுவரின் சொல்லே இறுதி என்று இருவரும் அறிவித்துவிட வேண்டும். அதே கேள்விகளை அவர் கேட்பார். ஐயம் எழுந்தால் பிளேட்டுக்குப் பின்னே அவரே வந்து நிற்பார். ஒற்றை நடுவர் ஆட்டத்தில் அந்தப் பொறுப்பு பள்ளி நிர்வாகியைச் சேர வேண்டும். மாற்று நடுவர் வரும்வரை ஆட்டம் காத்திருக்கட்டும், வராவிட்டால் இன்னொரு நாள் நடக்கட்டும்.