ஒரு டிகிரிச் சூடு, ஒரு சுருதி

திருவனந்தபுரத்து வலியசாலையை இரண்டு காரணங்களுக்காகச் சொல்வார்கள். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இங்குதான் இருந்தது என்று வரலாற்றாய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள், அது ஒன்று. தமிழ் பேசும் அக்கிரகாரமும் அதன் பாட்டும் இன்னொன்று. 1939-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிய இசைக் கழகம் இன்று சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியாகப் பக்கத்துத் தைக்காட்டில் நிற்கிறது. அதன் முதல் முதல்வர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் வந்தவர் செம்மங்குடி சீனிவாசய்யர். இந்தப் பக்கத்தில் மின்னணு இசை என்று பேச்செடுத்தால், அது வேறு யாருடைய விவகாரமோ என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால் மின்னணு இசைக் கருவி இந்த வீடுகளுக்குள் நுழைந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. பாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து ச-ப-ச என்று ஒலித்துக்கொண்டிருக்கும் சுருதிப் பெட்டிதான் அது. பெங்களூர்ப் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ்நாராயண் 1979-இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார்; அவருடைய ராடெல் நிறுவனத்தின் பெட்டிகள் கச்சேரி மேடைகளில் சகஜமாயின. பழைய அனலாக் பெட்டிகளில் டிரான்சிஸ்டர் சுற்று ஒன்றுதான் ஒலியை உண்டாக்கும். பெட்டி சூடேறினால் சுருதி மெல்ல நகரும். பாடுகிறவர் காதைக் கொடுத்துத் திருகைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். பின்னால் வந்த டிஜிட்டல் பெட்டியில் அந்த வேலை இல்லை. குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பை வைத்து நடப்பதால், நாலு கட்டை என்று வைத்தால் நாலு கட்டையிலேயே நிற்கும். கூடவே, இது தம்புரா இல்லை, தம்புராவின் பதிவு என்ற முணுமுணுப்பும் எழுந்தது.

உலகமெங்கும் சிந்தசைசர்க்காரர்கள் பல வருஷமாகப் போட்டுவரும் அனலாக்–டிஜிட்டல் சண்டையின் சாரம் இந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மேற்கில் அந்தச் சண்டை பெரும்பாலும் ஒலியின் குணத்தைப் பற்றியது: எது கனமானது, எது இதமானது என்பது போல. இந்தியாவில் அது நடந்த கதையைப் பார்த்தால், தீர்ப்பு எழுதியது சுருதியும் கமகமும்தான்.

முதலில் சிந்தசைசர் என்ற அந்த இயந்திரம். 1964-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் ராபர்ட் மோக் என்ற பொறியாளர், ஒலியின் ஒவ்வொரு குணத்தையும் மின்னழுத்தத்தால் ஆட்டிவைக்கலாம் என்று செய்து காட்டினார். சுரத்தைப் பிறப்பிக்க ஆசிலேட்டர், அதன் தொனியைச் செதுக்க ஃபில்டர், உரப்பைக் கூட்டிக் குறைக்க ஆம்ப்ளிஃபயர், ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வகுக்க என்வலப் என்று தனித்தனிப் பலகைகள். இந்தப் பலகைகளே மாட்யூல்கள்; அவை சேர்ந்த கருவி மாடுலர். எதை எதனோடு இணைப்பது என்பதை வாசிப்பவர் பேட்ச் கேபிள்களால் தீர்மானிப்பார். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் முன்னால் தொங்கும் கயிறுகளைப் பார்த்தவர்களுக்குக் காட்சி உடனே புரியும். மின்னழுத்தம் கூடும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். மோக் வைத்த இந்தக் கணக்கு இன்றுவரை மாறவில்லை.

கணக்கு அழகானதுதான், சிக்கல் டிரான்சிஸ்டரில் இருந்தது. வோல்ட்டை ஸ்தாயியாக மாற்றும் வேலையை அதன் இயற்கைக் குணம் ஒன்று செய்கிறது, அந்தக் குணமோ வெப்பத்தோடு மாறுகிறது. ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.33 சதவீதம். திருத்தம் ஏதும் செய்யாத சுற்றில், ஆதாரத்திலிருந்து ஐந்து ஸ்தாயி தள்ளி நிற்கும் சுரம் ஒரே ஒரு டிகிரிச் சூட்டுக்கு 20 சென்ட் விலகிவிடும். ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட் என்பது கணக்கு. நம் இருபத்திரண்டு சுருதிக் கணக்கில் மிகச் சிறிய இடைவெளியான பிரமாண சுருதி, 81/80, ஏறத்தாழ 21.5 சென்ட். அதாவது அறையில் ஒரு டிகிரி கூடினால் ஒரு சுருதி போயிற்று! இதற்குப் பிற்காலத்தில் வெப்பம் ஈடுசெய்யும் ரெசிஸ்டர்கள் முதல் சூடாக்கி வைத்த டிரான்சிஸ்டர்கள் வரை மாற்று வந்தது. மோக்கின் முதல் தலைமுறை 901 வரிசை ஆசிலேட்டர்களோ சுருதி நகர்வதற்கே பேர்போனவை.

அப்படிப்பட்ட ஒரு மோக் மாடுலர் 1969-இல் அகமதாபாத்துக்கு வந்தது. வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர்.

வரவழைத்தது ஒரு சினிமாக் கம்பெனியோ வானொலி நிலையமோ இல்லை. தேசிய வடிவமைப்பு நிறுவனம். கௌதம் சாராபாயும் கிரா சாராபாயும் முன்னின்று 1961-இல் உருவான கல்விக்கூடம் அது. அவர்களுடைய சகோதரி கீதா சாராபாய் பக்வாஜ் வாசித்தவர். 1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜ் அவருக்கு மேற்கத்திய இசையைச் சொல்லிக்கொடுக்க, பதிலுக்கு இவர் அவருக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தார். கேஜின் சிந்தனையையே திருப்பிவிட்ட சந்திப்புகளில் அது ஒன்று. அந்த உறவின் வழியாகத்தான் கேஜின் நெருங்கிய கூட்டாளியும் பியானோ கலைஞருமான டேவிட் டியூடர் அகமதாபாத்துக்கு வந்து, மோக்கையும் டேப் இயந்திரங்களையும் வைத்து ஒலிக்கூடம் அமைத்துக் கொடுத்தார். மோக்கின் புகழ்பெற்ற ஏணி ஃபில்டருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்ததும் அதே 1969 அக்டோபரில்தான். ஆக, தொழில்நுட்பம் காலங்கடந்து வந்து சேர்ந்த நாடு என்று இந்தியாவைப் பற்றிச் சொல்லும் வழக்கம் இந்த விஷயத்தில் செல்லாது.

ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா, கீதா சாராபாய் ஆகியோர் 1972 வரை அங்கே வேலை செய்தார்கள். மோக் ஒரே நேரத்தில் பல சுரங்களை வாசித்துக் காட்டும் கருவி இல்லை. ஒன்றைப் பதிந்து, மேலே இன்னொன்றைப் பதிந்து, டேப்பை வெட்டி ஒட்டிக் கட்டவேண்டும். மாடுலருக்கு நினைவாற்றலும் கிடையாது. கேபிள்களைக் கழற்றினால் அந்த ஒலி போனது போனதுதான். திருகுகளின் நிலையைக் காகிதத்தில் குறித்து வைத்தாலும் மறுநாள் அதே ஒலி திரும்பும் என்ற உத்தரவாதம் இல்லை. கூடம் ஓய்ந்த பின் மிஞ்சியவை ஸ்பூல் டேப்புகள் மட்டும். 2017-இல் பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் இசைக் கலைஞர் நிறுவனத்தின் காப்பகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார். தேர்ந்தெடுத்த பதிவுகள் 2023-இல் தொகுப்பாக வெளிவந்தன. ஐம்பது வருஷம் யாரும் கேட்காத இசை.

அந்தக் கூடம் செய்ததை வைத்து ஒரு பொதுப் பாரம்பரியம் உருவாகவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சீடர் பரம்பரை இல்லை, இசைத்தட்டு இல்லை, வானொலியில் ஒலிக்கவில்லை. சோதனைக்கூடத்தில் நடந்தது சோதனைக்கூடத்திலேயே நின்றுவிட்டது.

மறுபக்கம், சினிமா உலகம் இந்த ஒலிகளைத் தன் போக்கில் எடுத்துக்கொண்டது. 1954-இல் வந்த இந்திப் படம் 'நாகின்'. ஹேமந்த் குமார் இசையில் நாடே தலையாட்டிய அந்த மகுடி ஓசை மகுடியிலிருந்து வந்ததில்லை. கிளாவியோலின் என்ற சிறு மின்னணுக் கருவியில் கல்யாண்ஜி வாசித்தது. சினிமாக்காரர்களுக்கு அந்தப் பெட்டிக்குள் வால்வா, டிரான்சிஸ்டரா என்பதில் அக்கறை இல்லை. பாம்பு ஆடினால் போதும்.

பம்பாயில் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982-இல் செய்த காரியம் இன்னும் விசித்திரம். ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-8 சிந்தசைசர், டிபி-303, டிஆர்-808 தாள இயந்திரம் ஆகிய மூன்றை மட்டும் வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். விற்கவில்லை. 2010-இல் அது மறுபதிப்பாக வந்தபோது, சிகாகோவில் 1987-இல் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆசிட் ஹவுஸ் இசையை ஐந்து வருஷம் முன்பே ஒருவர் பம்பாயில் வாசித்துவிட்டாரே என்று மேற்கு வாய்பிளந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது அவர் தேர்ந்த கருவி. ஜூபிடர்-8 ஒரு அனலாக் சிந்தசைசர், சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போக அதில் முடியும். அதே கருவிக்குள் ஒரு நுண்செயலி இருந்து, பொத்தானை அமுக்கினால் ஆசிலேட்டர்களைத் தானே சுருதி சேர்த்துவிடும். ராகம் வாசிக்க விரும்பிய மனிதருக்குக் கிடைத்தது, டிஜிட்டல் கங்காணி வைத்த அனலாக். அது தற்செயலாக இருக்கலாம். ஆனால் சரியான பொருத்தம்.

சென்னையின் கதை வேறு. மலையாளப் படங்களின் பாட்டுகள் பெருமளவு சென்னையில் பதிவான காலத்தில், அங்கே இசையமைப்பாளராகவும் இசை நடத்துநராகவும் இருந்தவர் தமிழரான ஆர். கே. சேகர். 1976-இல் அவர் மறைந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. அப்பாவின் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அந்தப் பையனை மலையாள இசையமைப்பாளர் எம். கே. அர்ஜுனன் கீபோர்டு வாசிக்க அழைத்தார். பையன் ஏ. ஆர். ரஹ்மான். கருவி விலைபோகாத வீட்டுச் சொத்தாக அல்லாமல், நாள் வாடகை ஈட்டும் சரக்காக இருந்த தொழிலில், தினமும் சுருதி பார்க்க வேண்டிய இயந்திரத்துக்கு இடமில்லை.

அந்த நேரத்தில்தான் 1983 வந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்எம் என்ற ஒலியாக்க முறையை வைத்து யமஹா டிஎக்ஸ்-7 கீபோர்டை இறக்கியது. முழுக்க டிஜிட்டல், ஒரே நேரத்தில் 16 சுரங்கள், நகராத சுருதி, நினைவில் வைத்துக்கொள்ளும் ஒலிகள். அதே வருஷம் வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மிடி என்ற பொது ஏற்பாடும் வந்தது. மூன்றே வருஷத்தில், 1986-இல், இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கணினியைக் கொண்டு இசையமைத்தார். 1992-இல் 'ரோஜா' வந்தபோது ரஹ்மானின் கோடம்பாக்கத்து வீட்டுக் கூடமே ஒரு இசைக்குழுவுக்குச் சமமாகிவிட்டது. அனலாக் சிந்தசைசர் தென்னிந்தியாவில் வேரூன்றும் முன்பே டிஜிட்டல் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது.

இந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. மிடி ஒரு சுரத்தை 128 எண்களில் ஒன்றாகத்தான் அறியும். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே உள்ள இடம் முழுவதும் பிட்ச் பெண்ட் என்ற ஒற்றைச் சக்கரத்தின் பொறுப்பு. வழக்கமாக அது மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் மட்டுமே வளையும். தோடியின் காந்தாரத்தை அதில் வாசிக்க முயன்ற எவருக்கும் அந்தப் பாடு தெரியும். மோக்கில் சுரம் என்பது தொடர்ந்து ஓடும் ஒரு மின்னழுத்தம், படிகள் இல்லை. சுருதியைக் காப்பாற்றிய கருவி கமகத்தைக் கைவிட்டது. கமகத்துக்கு இடம் கொடுத்த கருவியிடம் சுருதி நிற்கவில்லை. ஏறத்தாழ இருபது வருஷம் இந்திய இசைக்காரர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடிந்தது.

இந்த முட்டுச்சந்தைத் திறந்தது டிஜிட்டல் மாடுலர். 1990-களில் இரண்டு பக்கமும் வேலை நடந்தது. ஜெர்மனியில் டீட்டர் டோப்ஃபர், அடக்கமான பலகைகளைக் கொண்ட யூரோராக் முறையை அறிமுகம் செய்து, மறைந்திருந்த மாடுலரை மறுபடி கடைக்குக் கொண்டுவந்தார். மில்லர் பக்கெட் எழுதிய ப்யூர் டேட்டா போன்ற மென்பொருள்கள், கேபிள் மாட்டும் வேலையைத் திரைக்குள் கொண்டுபோயின. 2017-இல் ஆண்ட்ரூ பெல்ட் வெளியிட்ட விசிவி ராக் இன்னும் ஒரு படி மேலே போனது. யூரோராக் பலகைகளையே திரையில் வரைந்து, சுட்டியால் கேபிள் இழுத்து மாட்டலாம். அடிப்படைப் பதிப்பு இலவசம். எமிலி ஜில்லேயின் மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் தன் யூரோராக் மாட்யூல்களின் நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருந்ததால், அதே நிரல் விசிவி ராக்குக்குள்ளும் ஓடுகிறது. கையால் திருகும் உலோகப் பலகைக்குள்ளும் டிஜிட்டல், திரையிலும் டிஜிட்டல் என்றால், 'வன்பொருள் என்றால் அனலாக்' என்ற பழைய பிரிவினை எங்கே நிற்கும்?

வேடிக்கை என்னவென்றால், இப்போது மென்பொருள் ஆசிலேட்டர்கள் பலவற்றில் சுருதியை வேண்டுமென்றே கொஞ்சம் நகரவைக்க ஒரு திருகு கொடுக்கிறார்கள். அகமதாபாத்தில் மோக்கோடு மல்லாடியவர்கள் இதைப் பார்த்தால் சிரித்திருப்பார்கள்.

அனலாக் வன்பொருளுக்கென்று சில தனித்தகுதிகள் மிச்சம் உண்டு. டிஜிட்டலில் உயரமான சுரங்களைக் கவனமில்லாமல் பிறப்பித்தால், மாதிரியெடுப்பு வேகத்தில் பாதியைத் தாண்டும் அலைகள் கீழே மடங்கி வந்து அபசுரமாகக் கேட்கும். அனலாக்கில் அந்தத் தொல்லையே இல்லை. ஃபில்டரைத் தன் ஒலியாலேயே ஊட்டி அலறவிடும்போது வரும் எதிர்பாராத முறுக்கைக் கணினி இன்னும் முயன்றுதான் பிடிக்கிறது. பத்து விரலும் பத்துத் திருகில் இருக்கும் சுகம் சுட்டியில் கிடைக்காது. ஆனாலும் ஆதார சுருதியை விட்டு அசையாமல், இடையிலுள்ள எல்லா இடங்களிலும் வழுக்கிப் போகும் கருவி வேண்டும் என்பவருக்குப் பதில் ஒன்றுதான்: டிஜிட்டல் மாடுலர். இறக்குமதி வரி கட்டி அனலாக் வாங்குவது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டிய செலவு.

வலியசாலையிலோ பக்கத்துக் கரமனையிலோ பாட்டுப் படிக்கும் ஒருவர் இன்றே முயன்று பார்க்கலாம். விசிவி ராக்கில் ஒரு ஆசிலேட்டரை எடுத்து, ஆதார சட்ஜத்தை 0 வோல்ட்டில் வையுங்கள். பஞ்சமம் 0.585, மேல் சட்ஜம் 1. இப்போது காந்தாரத்துக்குக் கீபோர்டுக் கணக்கான 0.333 வோல்ட்டைக் கொடுத்துக் கேளுங்கள், பிறகு 0.322-க்கு இறக்குங்கள். நல்ல தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் இரண்டாவதுதான்.